காசு சொல்வதென்ன? சீட்டு சொல்வதென்ன?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று பழைய ரோமாபுரி நாணயங்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். பழங்காசு சேர்ப்பது பணக்காரர்களுடைய பொழுதுபோக்கல்லவா, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலர் நினைக்கலாம். எனக்கு இது பல வருஷத்துப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தை மேடைக்குக் கொண்டு வர வேண்டுமென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சென்ற மாதம் நடந்த ஒரு விஷயம்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

நமக்கு வேண்டிய தோழர் ஒருவர். தறி நெய்து பிழைக்கிறவர். அவருடைய மகளை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறார். ஐயரும் இல்லாமல் பாதிரியாரும் இல்லாமல் இரண்டு குடும்பத்தாரும் மனமொத்து நடத்திய கல்யாணம். சம்பந்தி ஓய்வு பெற்ற வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், ஆனால் நல்ல மனுஷர். பேரனுக்கு முதல் பிறந்த நாள் வந்தது. சம்பந்திக்குப் பிடித்ததாக ஏதேனும் செய்ய வேண்டுமென்று நம் தோழருக்கு ஆசை. ஒரு பொருட்காட்சிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டுத் துணி மேல் வைத்த வெள்ளிக் காசு ஒன்றைக் கண்டார். கூடவே தங்க மசியில் அச்சடித்த ஒரு சீட்டு: ஏசுநாதர் கையிலேந்திப் பார்த்த காசு வகை, 2000 வருஷப் பழமை, உத்தரவாதம். விலை 6000 ரூபாய். எத்தனை நாள் தறிக் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். வாங்கி வந்தவர், குழந்தைக்குக் கொடுக்கு முன் என்னிடம் கொண்டு வந்து, “ஐயா, இது நிஜந்தானா?” என்றார்.

தோழர்களே! அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காசு நிஜமா என்பது ஒன்று. சீட்டு நிஜமா என்பது மற்றொன்று. காசைத் தராசும் பூதக்கண்ணாடியும் சொல்லிவிடும். சீட்டைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாய்ப் பேச வேண்டும். ஏனென்றால் உலகமெங்கும் இந்தச் சீட்டு வியாபாரம் நடக்கிறது. இப்பொழுது கைப்பேசியிலேயே ஏலம் போடுகிறார்கள்.

சீட்டில் சொல்லியிருக்கும் கதை மாற்கு, மத்தேயு, லூக்கா மூவரும் எழுதியது. சீசருக்கு வரி கொடுக்கலாமா கூடாதா என்று ஏசுவை மடக்கிக் கேட்கிறார்கள். அவர் ஒரு காசைக் கொண்டு வந்து காட்டச் சொல்லி, இதிலிருக்கும் முகம் யாருடையது என்று திருப்பிக் கேட்கிறார். கதை இவ்வளவுதான். எந்தச் சீசருடைய காசு என்று மூவரில் ஒருவரும் எழுதவில்லை. கையிலேந்தினார் என்றும் எழுதவில்லை. கிரேக்க மூலத்தில் டினாரியம் என்ற வெள்ளிக் காசின் பேர் மாத்திரம் இருக்கிறது. 1945-ல் எகிப்து தேசத்தில் நாக் ஹம்மாதி என்ற இடத்தில் கிடைத்த தோமா சுவிசேஷத்திலோ அதே கதையில் காட்டியது பொற்காசு என்றிருக்கிறது! அக்காலத்தில் ஆண்ட சீசர் டைபீரியஸ், கி.பி. 14 முதல் 37 வரை. ஆகவே அவனுடைய டினாரியமாகத்தான் இருக்க வேண்டுமென்று பிற்காலத்தார் ஊகித்தார்கள். அந்த ஊகத்துக்குத்தான் இன்று விலை. இதே எடை, இதே வெள்ளி, இதே பழமையுள்ள வேறொரு சீசரின் காசைவிட இதற்கு விலை கூடுதல். கூடுதல் பணம் முழுவதும் கதைக்காகக் கொடுப்பது.

சரி, அந்தக் காசு தன்னைப் பற்றி என்ன சொல்லிக் கொள்கிறது? ஒரு பக்கம் டைபீரியசின் முகம். சுற்றிலும் லத்தீன் எழுத்து: தெய்வமாகிய ஆகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் ஆகஸ்டஸ் என்று பொருள். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், கையில் கோலும் கிளையும். அவளைச் சுற்றி ‘பொன்டிப் மாக்ஸிம்’ என்றிருக்கிறது. பெரிய புரோகிதன் என்று அர்த்தம். அதாவது ராஜாவே கடவுளின் மகன், ராஜாவே தலைமைப் புரோகிதன்! வரி வாங்குகிறவன் வரிக்காசிலேயே இதை எழுதி ஊரெல்லாம் அனுப்பினான். இந்தப் புரோகிதப் பட்டம் அத்தோடு சாகவில்லை. ‘பொன்டிபெக்ஸ் மாக்ஸிமஸ்’ என்ற அதே பட்டத்தை 15-ம் நூற்றாண்டு முதல் ரோமாபுரிப் போப்பாண்டவர்கள் தங்கள் காசுகளிலும் கட்டிடங்களிலும் பொறித்துக் கொண்டார்கள். சிலைகளைக் கும்பிட்டவன் பட்டம், சிலைக்காரனை ஒழித்தோம் என்றவர் தலையில் ஏறிவிட்டது. இது என் கற்பனையல்ல, இரண்டு காசுகளையும் பக்கத்தில் வைத்தால் எழுத்துக் கூட்டத் தெரிந்த பையன் படிப்பான்.

இன்னொரு வேடிக்கை. இந்த டைபீரியஸ் டினாரியத்தை அடித்தது பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில். அது யூத நாட்டு மண்ணில் கிடைப்பது அபூர்வம் என்று தோண்டிப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். ஏசு பார்த்தது இதுவாக இருக்க முடியுமா என்று ஆராய்ச்சியாளர் சிலர் சந்தேகப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எங்கே மிகுதியாகக் கிடைத்தது தெரியுமா? நம் கொங்கு நாட்டில்! பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் முதலிய இடங்களில் நிலத்துக்கடியிலிருந்து புதையலாக வந்த ரோமக் காசுகளில் ஆகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடைய வெள்ளிக் காசுகளே அதிகம். மிளகுக்கும் மணிக்கும் துணிக்கும் விலையாக வந்தவை. வருஷந்தோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை, அதாவது 1 கோடியே 25 லட்சம் டினாரியத்தை, இந்தியா உறிஞ்சிக் கொள்கிறதே என்று பிளினி என்ற ரோமப் பண்டிதன் அக்காலத்திலேயே அழுதிருக்கிறான். கி.பி. 64-ல் நீரோ சக்ரவர்த்தி காசின் எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். நம் வியாபாரிகள் புதுக்காசைத் தள்ளிப் பழைய காசையே கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். ஏசு பார்த்த காசு வகை என்று ஒருவன் சீட்டு எழுதினால், பொள்ளாச்சி வியாபாரி பார்த்த காசு வகை என்று நாமும் எழுதலாமே! நமக்காவது குடம் சாட்சியிருக்கிறது, அவனுக்கு என்ன இருக்கிறது?

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்ரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. இனிமேல் பணமாகச் செல்லக்கூடாது, வெறும் தங்கமாகவே எடை போட வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தெய்வத்தின் மகனென்று எழுதிக் கொண்டவனுடைய மூக்கில் உளியை வைத்தவன் எந்தப் பயமுமில்லாமல் தங்கத்தின் எடையைப் பார்த்திருக்கிறான். அந்தப் புத்தியைத்தான் நான் இன்று உங்களிடம் கேட்கிறேன்.

நிற்க, அடுத்த சரக்கு ‘விதவையின் காசு.’ ஒரு ஏழை விதவை தன் பிழைப்புக்கிருந்த இரண்டு சிறு காசுகளையும் கோவில் உண்டியில் போட்டாள், பணக்காரர் போட்டதைவிட அதுவே பெரிது என்று ஏசு சொன்னதாகக் கதை. உண்டிப் பெட்டி வைத்திருக்கும் எவருக்கும் இதைவிட உபயோகமான கதை உண்டா? இதைச் சொல்லியே எத்தனை ஏழைகளுடைய முந்தானை முடிச்சை அவிழ்த்திருப்பார்கள்! ஆனால் மாற்கு எழுதிய புஸ்தகத்தில் இதற்கு முந்திய சில வரிகளைப் பாருங்கள். நீண்ட அங்கி போட்டுக் கொண்டு, வேஷத்துக்காக நீண்ட ஜெபம் பண்ணி, விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைப் பற்றி எச்சரிக்கையாயிருக்கும்படி அதே ஏசு சொன்னதாக இருக்கிறது. முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்துப் பிரசங்கம் செய்தவரை நான் இதுவரை கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லுங்கள்.

இந்தப் பேரில் விற்கும் செப்புக் காசு பெரும்பாலும் அலெக்சாண்டர் ஜன்னாயுஸ் என்ற யூத ராஜாவினுடையது. ஏசுவுக்குச் சுமார் 100 வருஷம் முந்தியவன், கி.மு. 103 முதல் 76 வரை ஆண்டவன். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் நட்சத்திரம். பட்டாணி உடைத்தாற்போல் சிறியது, தேய்ந்தது. ஆயிரக்கணக்கில் மண்ணில் கிடைப்பதால் உண்மையில் மலிவான காசு. இவனும் ராஜாவும் பிரதான ஆசாரியனும் ஒருவனே. தன்னை எதிர்த்த சுமார் 800 யூதர்களைச் சிலுவையில் அறையச் செய்து, தான் வைப்பாட்டிகளோடு விருந்துண்டபடி அதைப் பார்த்தான் என்று யூத சரித்திரக்காரராகிய ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். பக்தர்கள் வெள்ளிச் சட்டத்தில் பதித்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பது இந்தப் புண்ணியவானுடைய காசைத்தான்!

மூன்றாவது, யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளி. முப்பது என்ற எண்ணை மத்தேயு ஒருவர்தான் சொல்லுகிறார். மாற்கும் லூக்காவும் பணம் என்று மாத்திரம் சொல்லி நிறுத்திவிட்டார்கள். எரேமியா தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறியது என்று மத்தேயு எழுதினார். ஆனால் முப்பது வெள்ளிப் பேச்சு இருப்பது சகரியாவின் புஸ்தகத்தில். எழுதினவருக்கே தீர்க்கதரிசியின் பேர் தவறிவிட்டது. அது போகட்டும். எந்தக் காசு என்று கேட்டால், தீரு பட்டணத்து ஷெக்கல் என்று நாணய சாஸ்திரிகள் ஊகிக்கிறார்கள். இந்த ஊகத்துக்கு ஓரளவு காரணமிருக்கிறது. ஜெருசலேம் கோவிலுக்கு வயது வந்த ஒவ்வொரு யூத ஆணும் வருஷத்துக்கு அரை ஷெக்கல் வரி கொடுக்க வேண்டும். அந்த வரிக்குத் தீரு பட்டணத்து வெள்ளிதான் செல்லும். ஏனென்றால் அது சுத்தமான வெள்ளி, எடையும் சுமார் 14 கிராம், அதாவது ஒரு தோலாவுக்கு மேல்.

இப்போது அந்த ஷெக்கலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மெல்கார்ட் என்ற தீரு பட்டணத்துச் சாமியின் தலை! பின்பக்கம் கழுகு. விக்கிரகம் கூடாது, உருவம் கூடாது என்று கல்லில் எழுதி வைத்திருந்த கோவில், அந்நிய சாமியின் தலை போட்ட காசை மாத்திரம்தான் வாங்குவேன் என்று சட்டம் செய்தது. மற்றக் காசு கொண்டு வருகிறவன் வாசலில் உட்கார்ந்திருக்கும் காசுக்காரனிடம் வட்டம் கொடுத்து மாற்றிக் கொள்ள வேண்டும். ஏசு கவிழ்த்துப் போட்டதாகச் சொல்லும் மேஜைகள் இந்தக் காசுக்காரர்களுடையவைதான். வெள்ளி நல்லதானால் விக்கிரகம் தோஷமில்லை! நம் ஊர் வைதீகத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பறையர் தொட்ட தண்ணீர் தீட்டு, பறையர் போட்ட காசு தீட்டில்லை என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

ஐரோப்பாவில் மத்தியகாலத்தில் இன்னும் பெரிய கூத்து நடந்தது. யூதாஸ் வாங்கிய காசுகளில் ஒன்று எங்களிடமிருக்கிறது என்று பல மாதா கோவில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து நாணய அறிஞர் ஜார்ஜ் ஹில் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவற்றில் பல ரோட்ஸ் தீவின் காசுகள். ஏசு பிறப்பதற்கு முந்நூறு வருஷம் முன்பே அடிக்கத் தொடங்கிய வகை. அதில் இருப்பது சூரியனாகிய ஹீலியோஸின் முகம், தலையைச் சுற்றிக் கதிர்கள். பக்தர்கள் அந்தக் கதிர்களை முள் முடியென்றும், முகத்தை ஏசுவின் முகமென்றும் நினைத்துக் கண்ணீர் விட்டார்கள். யூதாஸ் வாங்கின காசிலேயே ஏசுவின் படம் எப்படி வந்தது என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கண்ணுக்கு முன்னால் முட்டுக்கால் போட்டிருக்கும்போது மூளை எழுந்து நிற்குமா?

அது படிப்பில்லாத காலம் என்று நீங்கள் சமாதானம் சொல்ல வேண்டாம். நம் காலத்துக் கதை ஒன்று கேளுங்கள். ஏசுவை மரணத்துக்கு ஒப்புக் கொடுத்த பிலாத்து யூதேயாவில் 26 முதல் 36 வரை அதிகாரம் செய்தவன். அவன் அடித்த சிறு செப்புக் காசுகள் நிறையக் கிடைக்கின்றன. 29 முதல் 32 வரையுள்ள வருஷங்களுக்குரியவை. அவற்றில் பிலாத்துவின் பேரில்லை, டைபீரியஸ் பேர்தான் உண்டு. சிலதில் தேவதைக்கு மது வார்க்கும் அகப்பை, சிலதில் குறி சொல்லும் ரோமப் புரோகிதனின் கோணல் தடி. யூதர்களின் மனம் நோகுமே என்று அவன் பார்க்கவில்லை. நிற்க, இத்தாலியில் டூரின் நகரத்தில் ஏசுவைச் சுற்றிப் புதைத்த துணி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1979-ஐ ஒட்டி அமெரிக்காவில் பிலாஸ் என்ற ஜெசூட் பாதிரியார், துணியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கண் இமை மேல் வைத்த பிலாத்து காசின் கோணல் தடியும் நான்கு எழுத்துகளும் தெரிகின்றன என்றார். எழுத்து அந்தக் காசில் இருக்க வேண்டியபடி இல்லையே என்றதற்கு, அடித்தவன் பிழையாய் அடித்திருப்பான் என்றார். உலகமெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. 1988-ல் ஆக்ஸ்போர்டு, ஜூரிக், அரிசோனா ஆகிய மூன்று பரிசோதனைச் சாலைகள் அந்தத் துணியின் துண்டுகளைத் தனித்தனியே சோதித்தன. நூல் 1260-க்கும் 1390-க்கும் இடையில் உண்டானது என்று முடிவு சொன்னார்கள். நம் தறிக்காரத் தோழருக்கு இது உடனே விளங்கிற்று. “நூலுக்கு வயசு தெரிஞ்ச பிறகு கண்ணு மேல காசு எதுக்குங்க?” என்றார்.

இவ்விடத்தில் நம் பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காசுகளெல்லாம் பொய்யாய்ப் போய்விட்டதால் ஏசுவும் பிலாத்துவும் பொய் என்று மேடையில் முழங்குகிற தோழர்கள் உண்டு. அது அவசரம். 1961-ல் யூத நாட்டுக் கடற்கரையிலுள்ள சீசரியாவில் தோண்டியபோது பிலாத்துவின் பேரும் உத்தியோகமும் பொறித்த கல் கிடைத்தது. பிலாத்து இருந்தான் என்பதற்கு அது நேரான ருஜு. அவன் காலத்தில் இன்ன காசு ஓடியது என்பதற்குக் காசு ருஜு. அதற்கு மேல் யார் கையில் எந்தக் காசு இருந்தது, யார் என்ன பேசினார் என்பதைக் காசு சொல்லாது. பாதிரியாரை ஆதாரம் கேட்கிற நாம், நமக்குப் பிடித்த பேச்சு வரும்போது ஆதாரத்தைத் தாண்டிக் குதிக்கலாமா?

இனிக் கான்ஸ்டன்டைன். நாணயம் சேர்ப்பவர்களுக்கு மிகவும் ருசிகரமான ஆசாமி இவன்தான். முதல் கிறிஸ்தவச் சக்ரவர்த்தி. 312-ல் மில்வியன் பாலத்துச் சண்டைக்கு முன் கிறிஸ்துவின் அடையாளத்தைக் கண்டு, அன்றோடு மனம் திரும்பினான் என்று பாடப் புஸ்தகம் சொல்லும். ஒருவர் அதை ராத்திரிக் கனவு என்று எழுதினார், இன்னொருவர் பட்டப்பகலில் வானத்தில் ஒளிச் சிலுவை என்று எழுதினார். இவனுடைய காசைக் கேளுங்கள். 312-க்குப் பின்பும் காசுகளில் வந்து கொண்டேயிருப்பது சூரிய தேவன்! வெல்ல முடியாத சூரியனாகிய தோழனுக்கு என்று எழுத்து. செப்புக் காசில் ஏறக்குறைய 318 வரையிலும், பொற்காசில் சுமார் 325 வரையிலும், அதாவது நைசியாவில் பிஷப்புமார்களைக் கூட்டி மகாநாடு நடத்திய வருஷம் வரையிலும், சூரியன் அவனை விட்டுப் போகவில்லை. 321-ல் வார ஓய்வு நாள் சட்டம் போட்டபோதும் சூரியனுடைய நாள் என்றே எழுதினான். இன்றும் நாம் ஞாயிறு என்றுதான் சொல்லுகிறோம்.

கிறிஸ்துவின் அடையாளம் காசில் வரவேயில்லையா என்றால், வந்தது. 315-ல் டிசினம் நகரத்தில் அடித்த வெள்ளிப் பதக்கம் ஒன்றில் அவனுடைய தலைச்சீராவின் உச்சியில், கிரேக்க எழுத்து இரண்டைப் பின்னிய கிறிஸ்துவின் குறி சின்னதாய் இருக்கிறது. அதே பதக்கத்தில் அவன் கையிலுள்ள கேடயத்தில் ரோமாபுரியின் பழைய ஓநாய்! உலகத்தில் ஒரு சில பதக்கங்களே மிஞ்சியிருக்கின்றன. 327-ல் கான்ஸ்டான்டிநோபிளில் அந்தக் குறி வைத்த கொடி ஒரு பாம்பைக் குத்துவதாக ஒரு செப்புக் காசு, அதுவும் அபூர்வம். ஜனங்கள் கையில் ஓடிய கோடிக்கணக்கான காசில் இருந்ததோ இரண்டு சிப்பாய்களும் கொடியும், கோட்டை வாசலும்தான். 326-ல் தன் மூத்த மகன் கிரிஸ்பஸைக் கொல்லச் செய்தான். அதே வருஷம் மனைவி பவுஸ்தாவும் அவன் உத்தரவினால் மாண்டாள் என்று பழைய சரித்திரக்காரர் எழுதுகிறார்கள். காசில் அந்த இருவர் முகமும் அத்தோடு நின்றுவிடுகிறது. சரித்திரம் எழுதிய பிஷப்பு இதை விழுங்கிவிட்டார், காசு விழுங்கவில்லை. 337-ல் சாகுந் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றான். செத்த பிறகு மகன்கள் அடித்த காசில் முக்காடு போட்ட அவன் நான்கு குதிரை ரதத்தில் மேலே போகிறான், ஆகாயத்திலிருந்து ஒரு கை நீண்டு அவனைத் தூக்குகிறது. ரதம் சூரியனுடையது, கை யூதருடைய ஆண்டவனுடையது, எழுத்தோ தெய்வமாகிவிட்ட கான்ஸ்டன்டைன் என்பது! மூன்று மதத்தாரும் அவரவர்க்கு வேண்டியதைப் பார்த்துக் கொள்ளலாம். வரி மாத்திரம் எல்லோரும் ஒன்றாய்க் கட்ட வேண்டும்.

கிறிஸ்துவின் குறியைக் காசின் பின்பக்கம் முழுவதும் நிறையப் பெரிதாய்ப் போட்டவன் யார் தெரியுமா? மக்னென்ஷியஸ் என்ற சேனாபதி. 350-ல் தன் எஜமானாகிய கான்ஸ்டன்ஸ் சக்ரவர்த்தியைக் கொல்வித்துச் சிம்மாசனமேறினவன். செத்தவனும் கிறிஸ்தவன், செத்தவனுக்காகப் பழி வாங்க வந்த அவன் அண்ணனும் கிறிஸ்தவன். தோல்வி நெருங்க நெருங்கக் குறி பெரிதாயிற்று. 353-ல் அவனே தற்கொலை செய்து கொண்டான். இன்றைக்கு அந்தக் காசைப் புனிதக் காசு என்று அதிக விலைக்கு விற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துவின் முகத்தையே காசின் முன்பக்கத்தில் போட்டவன் இரண்டாம் ஜஸ்டினியன், 692-ஐ ஒட்டி. அதில் நீண்ட தலைமயிரும் அடர்ந்த தாடியும். 695-ல் ஜனங்கள் கலகம் செய்து அவன் மூக்கை அறுத்துத் துரத்திவிட்டார்கள். 705-ல் திரும்பி வந்து மறுபடியும் ஆண்டான். மறுபடியும் கிறிஸ்துவின் முகம் போட்டான். இந்தத் தடவை சுருட்டை மயிர், சொற்பத் தாடி, வேறு ஆள்! ஒரே ராஜா, ஒரே ஆண்டவர், பத்து வருஷ இடைவெளியில் இரண்டு முகம். எது அசல் என்று தெரிந்தவர் எழுந்து சொல்லலாம்.

நம் தோழருடைய காசுக்கு வருகிறேன். தராசில் வைத்தேன். நல்ல டைபீரியஸ் டினாரியம் சுமார் 3.8 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தோலா இருக்கும். இது 2.9 கிராம். அக்காலத்துக் காசை உருக்கி வார்ப்பதில்லை. பட்டடை மேல் ஓர் அச்சு, அதன் மேல் வெள்ளி வில்லை, அதன் மேல் மற்றோர் அச்சு, சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அதனால்தான் எழுத்து கூர்மையாயிருக்கும், படம் நடுவை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கும். இதிலோ எழுத்தெல்லாம் தேய்ந்த சவுக்காரம்போல் வழவழப்பு, கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனைக் குமிழிகள், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய கோடு. இரண்டு பாதி அச்சில் வார்த்து ஒட்டை ராவியிருக்கிறார்கள். கடைக்காரனிடம் போனோம். அவன் சீட்டைக் காட்டி, “காசு வகை என்றுதானே போட்டிருக்கிறது, காசு என்றா போட்டிருக்கிறது?” என்றான். வகை என்ற ஒரு வார்த்தைக்கு 6000 ரூபாய்!

சம்பந்தி வாத்தியாருக்கு எப்படிச் சொல்வதென்று நம் தோழர் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, “என் விசுவாசத்துக்குக் காசு சாட்சி வேண்டியதில்லை சம்பந்தி, உங்கள் தறிக் கூலி போயிற்றே, அதுதான் எனக்கு வருத்தம்” என்றார். அவரோடு எனக்கு ஆயிரம் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் இந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மதிக்கிறேன். சீட்டு விற்கிறவன் அவரையும் ஏமாற்றுகிறான், நம்மையும் ஏமாற்றுகிறான்.

வாலிபர்களுக்கு இரண்டொரு காரியம். காசு சேர்க்க ஆசையிருந்தால் சேருங்கள், நல்ல பழக்கந்தான். கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் செப்புக் காசுகள் பழங்காசுகளிலெல்லாம் மலிவானவை. 4-ம், 5-ம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும்கூடக் கிடைத்திருக்கின்றன. வாங்கும்போது சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டுக் காசை மாத்திரம் விலை பேசுங்கள். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ புதையல் அகப்பட்டால் தட்டானிடம் ஓடி உருக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், களிம்பு அப்படியே இருக்கட்டும். எந்தக் குடத்தில், எந்த ஆழத்தில், எதோடு கிடைத்தது என்பதுதான் அதன் பாதி சரித்திரம். 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பழம்பொருள் வியாபாரத்துக்கு லைசென்சு வேண்டுமென்றும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்றும் 1972-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. மெட்ராஸில் எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் இந்த நாட்டு மண்ணில் கிடைத்த ரோமக் காசுகளைக் கண்ணாரப் பார்க்கலாம்.

இந்த மேஜை மேல் இரண்டு காசுகள் வைத்திருக்கிறேன். வெள்ளி மாதிரி மின்னுவது நம் தோழருடைய 6000 ரூபாய்க் காசு, அதை எல்லோருக்கும் காட்டும்படி அவரே கொடுத்தனுப்பினார். கறுத்து, ஓரம் உடைந்து கிடப்பது கான்ஸ்டன்டைன் மகனுடைய செப்புக் காசு, குதிரையிலிருந்து விழுகிறவனை ஒரு சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான். அசல். பக்கத்தில் தராசும் பூதக்கண்ணாடியும் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் முதலில் வந்து பார்க்கட்டும். கையிலெடுத்தே பாருங்கள், ஒன்றும் ஆகாது. விளிம்பை மாத்திரம் மறக்காமல் பாருங்கள்.